நம்பர் நிக்குது, சார்

நாவலூர் ஆபீசில் புதிதாகச் சேர்ந்திருக்கிற உங்களுக்காக நான் ஏதாவது எழுதித் தர வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். முப்பது வருஷம் சென்சாருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே தூது போன ஆள், செங்கல்பட்டில் வீட்டோடு சும்மாதானே கிடக்கிறான், நாலு அனுபவத்தை அவிழ்த்துவிடட்டும் என்று நினைத்திருப்பார்கள். எழுதுகிறேன். ஆனால் பெருமை அடித்துக்கொள்கிற கதை வேண்டுமென்றால் வேறு ஆளைப் பாருங்கள். அதையெல்லாம் காபி மெஷின் பக்கத்தில் நின்று ஏற்கெனவே அளந்து தீர்த்துவிட்டேன். மறைமலைநகர் தொழிற்சாலை ஒன்றில் இரண்டு நாள் புரோகிராமைக் குடைந்துகொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால் இரண்டு கம்பிகள் இடம் மாறியிருந்தன. டீ டம்ளரோடு வந்த எலக்ட்ரீஷியன் ஒரே பார்வையில் சொல்லிவிட்டுப் போனார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அந்த மாதிரித் தப்பெல்லாம் தப்பே இல்லை, கம்பியை மாற்றினால் தீர்ந்தது.

மாற்றித் தீராத ஒன்றை எழுதுகிறேன். முதலாளி படித்தால் படிக்கட்டும். இனி என்னை என்ன செய்துவிடுவார்?

நம் தொழில் வெளியாட்களுக்குப் பெரிய வித்தை மாதிரித் தெரியும். உள்ளே இருப்பது கேள்வியும் பதிலும்தான். கம்ப்யூட்டர் கம்பி வழியாக நொடிக்கு ஒரு தரம் 'இப்போது எவ்வளவு?' என்று கேட்கும். சென்சார் 'இவ்வளவு' என்று சொல்லும். பதில் வரும்போது நம் புரோகிராம் எல்லாமே அழகாகத்தான் இருக்கும். பதில் வராதபோது அது திரையில் என்ன காட்டுகிறது என்பதில்தான் எழுதியவனின் யோக்கியதை தெரியும். என் யோக்கியதை தெரிந்த இடம் ஓர் இறால் ஹேச்சரி.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடற்கரைச் சாலையை விட்டு இறங்கி, சவுக்குத் தோப்பைத் தாண்டிப் போனால் வரும். இறாலை முட்டையிட வைத்து, குஞ்சு பொரித்துப் பண்ணைகளுக்கு அனுப்புகிற இடம். தாய் இறால்களுக்கென்று அங்கே தனிக் கூடம் இருந்தது. வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வந்து இறங்கியவை அவை. வெளிச்சம் ஆகாது, ஆள் நடமாட்டம் ஆகாது, மிரண்டால் முட்டை வைக்காது. ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி கட்டியிருந்தார்கள். காலை ஏழு மணிக்கும் பிற்பகல் இரண்டு மணிக்கும் தீனி போடத்தான் கதவு திறக்கும். மற்ற நேரத்தில் கதவில் கை வைத்தவருக்கு மேனேஜரிடம் அர்ச்சனை நிச்சயம்.

உள்ளே போகாமலே உள்ளே நடப்பது தெரிய வேண்டும் என்றுதான் எங்களைக் கூப்பிட்டார்கள். தண்ணீரில் கரைந்திருக்கிற ஆக்சிஜனை அளக்கத் தொட்டியில் ஒரு சென்சார், அங்கிருந்து ஆபீஸ் அறை வரை நீளமாக ஒரு கம்பி, அங்கே கம்ப்யூட்டரில் என் புரோகிராம். எண் ஆறையொட்டி இருந்தால் இறாலுக்குச் சுகம். நாலுக்குக் கீழே போனால் ஹூட்டர் அலறும். இரண்டுக்குக் கீழே போய் அப்படியே கிடந்தால் இறால் தாங்காது.

அந்தத் திரைக்கு முன்னால் பகல் முழுக்க உட்கார்ந்திருந்தவள் கற்பகம். திருக்கழுக்குன்றத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். நெல்லும் வேர்க்கடலையும் போடுகிற குடும்பம். விலங்கியல் படித்திருந்தாள். மாதச் சம்பளம் என்கிற ஒன்று அந்த வீட்டுக்குள் முதல் முதலாகப் போனது அவள் கையால்தான். வாய் கொஞ்சம் அதிகம். தாய் இறால்களைப் பற்றிக் கேட்டால், "சம்பந்தி வூட்டு ஆளுங்க சார் இதுங்க. இன்னா செஞ்சாலும் ஒரு கொற சொல்லும்" என்பாள்.

இரண்டு வருஷமாக அவளைத் தற்காலிகமாகத்தான் வைத்திருந்தார்கள். இந்தத் தடவை வந்த இறால்கள் ஒழுங்காக முட்டை வைத்தால் சூப்பர்வைசராக்கி வேலையை நிரந்தரமாக்குவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். அதை அவள் என்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பாள் என்று கணக்கே இல்லை. வீட்டில் மட்டும் மூச்சு விடவில்லை, ஆர்டர் கைக்கு வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தாள். கண் பட்டுவிடுமாம்.

சென்சார் போட்ட முதல் வாரத்திலேயே சனி பிடித்தது. எண் குதித்தது. ஐந்து புள்ளி எட்டு என்று இருக்கும், சட்டென்று பூஜ்யம், அடுத்த நொடி முப்பத்திரண்டு, மறுபடி ஐந்து புள்ளி ஏழு. பூஜ்யம் வருகிறபோதெல்லாம் ஹூட்டர் அலறியது. கற்பகம் எனக்குப் போன் செய்வாள். "சார், நம்பர் நிக்க மாட்டேங்குது சார். குதிச்சிகினே கீது." ஒரு நாளைக்கு நாலு தடவை, ஐந்து தடவை, இரண்டு மாதம். போனில் அவள் பெயர் வந்தாலே கொஞ்ச நேரம் அடிக்கவிட்டுத்தான் எடுக்க ஆரம்பித்தேன். சத்தம் பொறுக்காமல் மேனேஜரே ஹூட்டரின் சுவிட்சை அணைத்து வைக்கச் சொல்லுவார். அப்புறம் பயம் வந்து போடச் சொல்லுவார். போட்டும் அணைத்தும் அந்த சுவிட்சே தேய்ந்து போயிருக்கும்.

காரணம் எனக்கு முதல் நாளே தெரியும். தொட்டிக்குக் காற்று ஊதுகிற ப்ளோயர் ஒன்று உண்டு. அதன் மோட்டாருக்குப் போகிற தடித்த கேபிளோடு என் சென்சார் கம்பியையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டிவிட்டிருந்தார்கள். மோட்டாரின் இரைச்சல் என் கம்பிக்குள் புகுந்து பதிலைக் குதறியது. கம்பியைப் பிரித்து வேறு வழியில் கொண்டு போனால் சரியாகிவிடும். அதற்கு இரண்டு நாள் ஆகும், ஆட்கள் கூடத்துக்குள் போய் வர வேண்டும். மேனேஜர் ஒரே பிடியாக மாட்டேன் என்றார், இந்த இறால்கள் முட்டை வைத்து முடிக்கட்டும் என்றார். எங்கள் முதலாளியோ, சாஃப்ட்வேரிலேயே எதையாவது செய்து சமாளி என்றார். அவர் அப்போது அதே கரையில் இன்னும் இரண்டு ஹேச்சரிகளிடம் ஆர்டருக்குப் பேசிக்கொண்டிருந்தார். குதிக்கிற எண்ணைக் காட்டி எவனிடம் ஆர்டர் வாங்குவது?

பாம்பும் நோகாமல், பாம்படித்த கோலும் நோகாமல் ஒரு வழி கண்டுபிடித்தேன். உருப்படியான பதில் வராவிட்டால், இதற்கு முன்னால் வந்த நல்ல பதிலையே திரையில் காட்டு. ஒரே ஒரு வரிதான். அதில் நியாயம் இல்லாமல் இல்லை, ஒரு நொடியில் தண்ணீரில் ஆக்சிஜன் மாறிவிடாது. நீங்களும் இதைச் செய்வீர்கள், செய்யத்தான் வேண்டும். ஆனால் எத்தனை நொடி வரை பழையதைக் காட்டலாம் என்று ஒரு வரம்பு கட்ட வேண்டும். தொடர்ந்து பத்துத் தடவை பதில் இல்லையென்றால் எண்ணை அழித்துவிட்டு வெறும் கோடு போடு, ஹூட்டரை அடி என்று எழுத வேண்டும். இது எனக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள். அந்த வரிக்குப் பக்கத்திலேயே 'வரம்பு, அடுத்த விசிட்டில்' என்று குறிப்பே எழுதி வைத்தேன்.

எழுதி முடிக்க இன்னும் பத்து நிமிஷம் ஆகியிருக்கும். மேனேஜர் முதுகுக்குப் பின்னால் நின்று, முடிந்ததா முடிந்ததா என்று கேட்டுக்கொண்டிருந்தார். முதலாளியிடமிருந்து மூன்று தடவை போன் வந்துவிட்டது. திரையில் எண் அசையாமல் அழகாக இருந்தது. போதும் என்று எழுந்துவிட்டேன். மேனேஜர் இளநீர் வெட்டிக் கொடுத்தார். வாங்கிக் குடித்தேன்.

அடுத்த இரண்டு நாள் கற்பகத்திடமிருந்து போனே இல்லை. மூன்றாம் நாள் காலை பதினொரு மணிக்கு அங்கே கரண்ட் போய், ஜெனரேட்டருக்கு மாறியது. அந்த உதறலில் இரண்டு காரியம் நடந்தது. தாய் இறால் கூடத்து ப்ளோயரின் பெல்ட் அறுந்தது. மோட்டார் சுற்றியது, பேனலில் பச்சை விளக்கும் எரிந்தது, காற்று மட்டும் போகவில்லை. இன்னொன்று, சென்சார் கம்பியைக் கம்ப்யூட்டரோடு இணைக்கிற கையகலக் கன்வர்ட்டர் ஒரு கணம் விட்டுப் போய்த் திரும்பி வந்தது. திரும்பி வந்தபோது கம்ப்யூட்டர் அதற்கு வேறு வாசல் எண் கொடுத்துவிட்டது. என் புரோகிராம் பழைய எண்ணிலேயே கேட்டுக்கொண்டிருந்தது, காலி செய்துவிட்டுப் போன வீட்டின் கதவைத் தட்டுகிற மாதிரி. பதில் இல்லை. பதில் இல்லாவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று நான்தான் சொல்லிக் கொடுத்திருந்தேனே. ஐந்து புள்ளி எட்டைக் காட்டியது. காட்டிக்கொண்டே இருந்தது.

அரை மணி நேரத்தில் கற்பகம் கண்டுபிடித்துவிட்டாள். இரண்டு மாதம் அந்த எண்ணையே பார்த்துக் கிடந்தவள் அவள். சும்மா இருக்கிற தண்ணீரில்கூட ஐந்து புள்ளி ஏழுக்கும் ஐந்து புள்ளி ஒன்பதுக்கும் நடுவே அது ஊசலாடும் என்பது அவளுக்குப் பழகியிருந்தது. எனக்குப் போன் செய்தாள். நான் நாவலூர் ஆபீசில், வேறொரு கம்பெனியிலிருந்து வந்தவர்களுக்கு இதே புரோகிராமை விளக்கிக்கொண்டிருந்தேன். அவர்களை உட்கார வைத்துவிட்டு வெளியே வந்து போனை எடுத்தேன்.

"சார், நம்பர் நிக்குது சார்."

இரண்டு மாதமாக 'நிக்க மாட்டேங்குது' என்று கேட்டுக் கேட்டு நொந்த காது இது. அதில் 'நிக்குது' என்று விழுந்தால் எப்படி இருக்கும்? எனக்கு அது நற்சான்றிதழாகக் கேட்டது. கடிகாரம் நின்றாலும் நிக்குது என்போம், கால் ஊன்றிய குழந்தையையும் நிக்குது என்போம். அவள் கடிகாரத்தைச் சொன்னாள். நான் குழந்தையை நினைத்துப் பூரித்துப் போனேன்.

"நிக்குதா? நல்லதும்மா. அதுக்குத்தானே இவ்ளோ பாடு" என்றேன்.

"இல்ல சார். அப்டியே நிக்குது. அஞ்சு புள்ளி எட்டுலயே கீது. கரண்ட்டு போயி வந்துச்சு. உள்ள போயி ஒரு வாட்டி பாத்துடட்டுமா சார்?"

இதைத் திரும்பத் திரும்பப் படியுங்கள். 'இல்ல' என்றாள். 'அப்டியே' என்றாள். கரண்ட் போனதைச் சொன்னாள். என்ன செய்ய வேண்டும் என்றும் அவளே சொன்னாள். இத்தனை வருஷ அனுபவக்காரன் கேட்டிருக்க வேண்டிய எல்லாவற்றையும் கேட்காமலே தட்டில் வைத்துக் கொடுத்தாள். நான் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த விருந்தாளிகளைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னேன்.

"கதவத் தொறந்தா மேனேஜர் உன்னத்தாம்மா திட்டுவாரு. நம்பர்தான் நல்லா இருக்குதே. எப்படியும் ரெண்டு மணிக்குத் தொறப்பீங்க, அப்ப பாத்துக்க."

"சரிங்க சார்" என்றாள்.

அவளுக்குத் திட்டு விழாமல் காப்பாற்றியதாகவே அப்போது நினைத்தேன். ஐயோ, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே காறித் துப்பத் தோன்றுகிறது. உள்ளே போய்ப் பாரு என்று இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் பாதி இறால்களாவது பிழைத்திருக்கும்.

இரண்டு மணிக்குக் கதவைத் திறந்தார்கள். தொட்டியில் ஒரு குமிழிகூட இல்லை. தாய் இறால்கள் அடியில் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தன. கையில் எடுத்தால் காலை அசைத்தவை ஏழோ எட்டோ என்று பிறகு ஹேச்சரி எலக்ட்ரீஷியன் சொன்னார். மேனேஜர் எனக்குப் போன் செய்து உடனே கிளம்பி வரச் சொன்னார். வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தேன். திருப்போரூர் தாண்டும்போது முதலாளி கூப்பிட்டார். ஓரமாக நிறுத்திப் பேசினேன். விஷயம் அவருக்கும் போயிருந்தது. "இன்னா ஏதுன்னு தெரியாம வாய உட்டுடாத. நம்ம பேரு வராம பாத்துக்க. வந்துச்சுன்னா நீயும் இல்ல, நானும் இல்ல" என்றார். எனக்கு அப்போது ஐம்பத்து நாலு வயது. அந்த வயதில் வேலை போனால் இந்த நாவலூரில் எவன் கூப்பிட்டு உட்கார வைப்பான்? பூஞ்சேரி வருகிற வரை அதைத்தான் நினைத்துக்கொண்டு போனேன். இறாலை நினைக்கவில்லை. கற்பகத்தை நினைக்கவே இல்லை.

போய்ச் சேர்ந்தபோது மூன்றரை மணி. பெல்ட்டை மாற்றி ப்ளோயரை ஓட விட்டிருந்தார்கள். ஆபீஸ் அறையில் மேனேஜர் ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு நின்றார். கற்பகம் மணிக்கு ஒரு தடவை எண்ணைக் குறித்து வைக்கிற நோட்டு அது. பன்னிரண்டு, ஒன்று, இரண்டு, எல்லாவற்றுக்கும் ஐந்து புள்ளி எட்டு. மேனேஜர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டிருந்தார். அவள் ஹூட்டரை அணைத்துவிட்டு, திரையைப் பார்க்காமலே இஷ்டத்துக்கு எண்ணை எழுதியிருக்கிறாள், விஷயம் தெரிந்ததும் ஓடிப்போய் சுவிட்சைப் போட்டிருக்கிறாள். கற்பகம் சுவரோரமாக நின்று, சுவிட்ச் காலையிலிருந்தே போட்டுத்தான் இருந்தது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஹூட்டர் போட்டிருந்தால் அலறியிருக்காதா என்று அவர் கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் தெரிந்த ஒரே ஆள் அப்போதுதான் செருப்பைக் கழற்றி உள்ளே வந்துகொண்டிருந்தான்.

கம்ப்யூட்டரைப் பாருங்கள் என்று என்னிடம் சொல்லிவிட்டு மேனேஜர் போன் பேச வெளியே போனார். உட்கார்ந்து பார்த்தேன். திரையில் இன்னும் ஐந்து புள்ளி எட்டுதான். அரை நிமிஷத்தில் எல்லாம் புரிந்துவிட்டது. புரோகிராம் நிமிஷத்துக்கு ஒரு தரம் எண்ணைத் தனியாக ஒரு ஃபைலிலும் எழுதி வைக்கும். திறந்தேன். பதினொரு மணி வரை எண் ஆடியிருக்கிறது. அதற்கப்புறம் ஒரே எண் வரிசையாக, நான் பார்த்துக்கொண்டிருக்கிற அந்த நிமிஷம் வரை. அந்த ஒரு பக்கத்தைக் காட்டியிருந்தால் போதும். அப்படி ஒரு ஃபைல் இருப்பது அங்கே வேறு யாருக்கும் தெரியாது. மூடினேன். புரோகிராமையும் மூடி, கன்வர்ட்டரின் புதிய எண்ணைக் கொடுத்துத் திறந்தேன். நாலு புள்ளி ஒன்று என்று வந்தது, நாலு புள்ளி இரண்டு ஆனது. கற்பகம் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றிருந்தாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

மேனேஜர் திரும்பி வந்து, எங்கள் பக்கம் ஏதாவது கோளாறா என்று கேட்டார்.

"இப்ப சரியாத்தான் காட்டுது சார், பாருங்க" என்றேன். பார்த்தார். காட்டியது.

அப்போதுதான் கற்பகம் வாயைத் திறந்தாள். "பதினொன்னரைக்கே நான் சாருக்குப் போன் பண்ணி சொன்னேன் சார். அவரையே கேட்டுப் பாருங்க."

மேனேஜர் என்னைப் பார்த்தார்.

"பண்ணாங்க சார்" என்றேன். "நம்பர் நிக்குதுன்னு சொன்னாங்க."

"நிக்குதுன்னா?"

"ஸ்டெடியா இருக்குன்னு."

அவ்வளவுதான் நான் செய்தது. யாரையும் அடிக்கவில்லை, எதையும் அழிக்கவில்லை. அவள் சொன்ன வார்த்தையை ஓர் எழுத்து பிசகாமல் எடுத்துச் சொல்லி, பொருளை மட்டும் எனக்கு வேண்டிய பக்கம் திருப்பி வைத்தேன். இறால்கள் மூச்சு முட்டிக்கொண்டிருந்தபோது எல்லாம் நன்றாக இருக்கிறது என்று போன் செய்து சொன்னவள் ஆகிவிட்டாள் அவள். மேனேஜர் நோட்டை மேசை மேல் போட்டார். கற்பகம் என்னைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். போனில் மணிக்கணக்கில் பேசுகிறவள், ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்று சாயங்காலமே அவளை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். கடிதத்தில் கவனக்குறைவு, பொய்த் தகவல் என்று இரண்டையும் எழுதினார்கள். அந்தக் கரையில் ஒரு ஹேச்சரியின் மேனேஜர் இன்னொரு ஹேச்சரியில் வேலை பார்த்தவராகத்தான் இருப்பார். வேலை கேட்டுப் போன இடத்திலெல்லாம் அவளுக்கு முன்னால் செய்தி போய் உட்கார்ந்திருந்தது. படித்த படிப்புக்கான வேலை அதோடு போயிற்று. இதெல்லாம் எனக்கு அவ்வப்போது எலக்ட்ரீஷியன் மூலம் காதில் விழுந்துகொண்டிருந்தது. விழுந்தும் நான் மதியச் சாப்பாட்டைச் சாப்பிட்டேன், சம்பளம் வாங்கினேன்.

மறுநாள் காலையே அந்த வரம்பை எழுதிவிட்டேன். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. கம்பியையும் பிரித்து வேறு வழியில் இழுத்தோம், இப்போது மேனேஜர் தடுக்கவில்லை. முதலாளிக்கு இரண்டு ஆர்டரும் கிடைத்தது. பதில் வராவிட்டால் கோடு போட்டு ஹூட்டர் அடிக்கிற அந்தப் பகுதியை நீங்களெல்லாம் இன்றைக்கும் எடுத்துப் பயன்படுத்துகிறீர்களாம், ரொம்ப நேர்த்தியாக எழுதியிருக்கிறது என்று பேசிக்கொள்கிறீர்களாம். அது வந்த வழி இதுதான். அதற்காக அந்த வருஷம் எனக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள், கைதட்டினார்கள்.

சொல்லிவிட வேண்டும் என்று தோன்றாமல் இல்லை. என் மகளின் கல்யாணம் முடியட்டும் என்றிருந்தேன். அப்புறம் வீட்டுக் கடன் முடியட்டும் என்றிருந்தேன். மனுஷனுக்குச் சாக்குக்கா பஞ்சம்? போன வருஷம் ஓய்வு பெற்ற மறுவாரம் தைரியம் வந்துவிட்டது. வேலை போகிற பயம் போன பிறகு வருகிற தைரியத்தை என்னவென்று சொல்வது, நீங்களே ஒரு பெயர் வையுங்கள். ஹேச்சரிக்குப் போனேன். கேட்டில் பூட்டு தொங்கியது. மேனேஜர் எந்த ஊருக்குப் போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. உண்மையை எழுதி எடுத்துக்கொண்டு போன நான் அதைக் கொடுக்க ஆள் இல்லாமல் திரும்பினேன். உண்மைக்கும் கெடு உண்டு என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

விசாரித்துக்கொண்டு கற்பகத்தின் ஊருக்குப் போனேன். அவள் அப்பா நான் யார் என்று கேட்காமலே மோர் கொடுத்தார். மகள் மறைமலைநகரில் கார் பாகம் செய்கிற கம்பெனியில் பேக்கிங்கில் இருப்பதாகச் சொன்னார். மதிய ஷிஃப்ட்டுக்குப் போகத் திருக்கழுக்குன்றத்தில் கம்பெனி பஸ்ஸுக்காக நிற்பாள், இப்போது போனால் பிடித்துவிடலாம் என்று வழியும் சொன்னார்.

நீல நிறக் கம்பெனிச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. ஆள் இளைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டாள். "வாங்க சார், நல்லா கீறீங்களா?" என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். கன்வர்ட்டர், பழைய எண், வரம்பு போடாதது, எல்லாம். அவள் அன்றைக்குச் சொன்ன அந்த வார்த்தையை நான் எப்படித் தப்பாக எடுத்துக்கொண்டேன் என்பதை ரொம்ப நேரம் விளக்கினேன். எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்கிறேன், யாருக்கு வேண்டுமானாலும் எழுதித் தருகிறேன் என்றேன். அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். மற்ற பெண்கள் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றார்கள்.

நான் முடித்ததும் கேட்டாள். "போன்ல தப்பா எடுத்துகினீங்க. சரி சார், யாருக்கும் வரதுதான். அப்பறம் ஆபீஸ் ரூம்ல என் கண்ணு முன்னாடியே ஸ்டெடியா இருக்குன்னு சொன்னீங்களே. அப்பவும் புரியலயா?"

இத்தனை வருஷமாக நான் எனக்கே சொல்லிக்கொண்டிருந்த கதை அந்தப் போனோடு முடிந்துவிடும். ஆபீஸ் அறை வரை அதை நான் கொண்டு போனதே இல்லை.

"புரிஞ்சுதும்மா" என்றேன்.

"தெரியும் சார். நீங்க மூடித் தொறந்தத பின்னாடி நின்னு பாத்துகினுதான இருந்தேன்."

பஸ் வந்துவிட்டது. மற்ற பெண்கள் ஏறினார்கள். அப்படியென்றால் ஏன் மேனேஜரிடம் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. படியில் ஒரு கால் வைத்தவள் திரும்பினாள்.

"நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்துட்டேன் சார்" என்றாள்.

ஏறிக்கொண்டாள். பஸ் கிளம்பிவிட்டது.